அழித்துவிட்டுத் திரும்பப் போடாதீர்கள்: பிக்சல் ஆர்பிஜி குழப்படி செய்யும்போது பார்க்க வேண்டியவை

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில், மூன்றாம் மாடித் தம்பி ஒருநாள் இரவு எட்டு மணிக்கு ஃபோனோடு வந்து கதவைத் தட்டினான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"அண்ணா, கேம் கனெக்ட் ஆகேல்லை எண்டு அழிச்சுப்போட்டுத் திரும்ப இறக்கினன். இப்ப முதல்ல இருந்து பேர் கேக்குது."

ஏழு மாதம் வளர்த்த மந்திரவாதி. 47ஆம் லெவல். காசு கொடுக்காமல், தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஆடி ஆடிச் சேர்த்தது. கணக்கை எதோடாவது இணைத்திருந்தாயா என்று கேட்டேன். "கெஸ்ட் எண்டுதான் உள்ள போனனான்" என்றான்.

அவன் கதை என்னவானது என்று கடைசியில் சொல்கிறேன். இதை எழுத உட்கார்ந்ததற்கு அவன்தான் காரணம். கேம் கொஞ்சம் முரண்டு பிடித்தால் நம் ஆட்கள் முதலில் செய்வது அழித்துவிட்டுத் திரும்பப் போடுவது. பத்தில் ஒன்பது கோளாறுக்கு அது தேவையே இல்லை. பத்தாவதற்கும் அது கடைசி மருந்தாகத்தான் இருக்க வேண்டும்.

நான் பேசுவது பழைய பாணிப் பிக்சல் (புள்ளி புள்ளியான) படங்களோடு வரும் இலவச ஆர்பிஜிகளைப் பற்றி, அதாவது வீரன் ஒருவனை லெவல் லெவலாக வளர்க்கும் கேம்களைப் பற்றி. ஓர்னா போல வரைபடத்தில் நடந்து ஆடுவதும் உண்டு. 2018 ஒக்டோபரில் மொபைலுக்கு வந்த ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் போல ஒரே உலகத்தில் எல்லாரும் கூடி ஆடுவதும் உண்டு. எது என்றாலும் கோளாறுகள் ஏறக்குறைய ஒன்றுதான். எந்த அறிகுறி உங்களுடையதோ அங்கே நேராகப் போங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு நிமிட வேலை இருக்கிறது.

எதையும் தொடுமுன்

கேமுக்குள் போக முடிந்தால் செட்டிங்ஸில் உங்கள் பிளேயர் ஐடி இருக்கும். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். எடுத்ததை அதே ஃபோனில் மட்டும் வைத்திருக்காமல் அம்மாவுக்கோ நண்பனுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அப்புறம் கெஸ்ட் கணக்கை கூகுள், ஆப்பிள் அல்லது மின்னஞ்சலோடு இணையுங்கள்.

கெஸ்ட் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இதை ஏன் சொல்கிறேன் என்று புரியும். உங்கள் வீரன் ஃபோனில் இல்லை. எங்கோ ஒரு சேர்வரில், அதாவது கேம் நிறுவனத்தின் கணினியில், இருக்கிறான். ஃபோனில் இருப்பது அவனைத் திறக்கும் சாவி, அதாவது அந்த ஆப்பின் கோப்புறையில் ஒளிந்திருக்கும் ஒரு நீளமான எண். ஆப்பை அழித்தால் சாவியும் சேர்ந்து போகும். வீரன் சேர்வரில் பத்திரமாக நிற்பான், உங்களால்தான் உள்ளே போக முடியாது.

ஆண்ட்ராய்டில் ஆப் விபரத்துக்குள் போனால் இரண்டு பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். க்ளியர் கேஷ் என்பது ஆபத்தில்லாதது. திரும்ப இறக்கக்கூடிய தற்காலிகக் கோப்புகளைத்தான் அது துடைக்கும். க்ளியர் டேட்டா, சில ஃபோன்களில் க்ளியர் ஸ்டோரேஜ், சாவியையும் சேர்த்துத் துடைத்துவிடும். ஃபோன் திருத்தக் கொடுக்கும்போதும் இதை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். "கேமைத் தொட வேண்டாம்" என்று சொல்ல வெட்கப்பட்டு இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

வாட்ஸ்அப் ஓடுகிறது, கேம் மட்டும் சேர்வரைப் பிடிக்கவில்லை

கொழும்பில் இந்த அறிகுறியோடு என்னிடம் வருபவர்கள்தான் அதிகம். காரணம் பெரும்பாலும் கேமில் இல்லை, போட்டிருக்கும் பேக்கேஜில் இருக்கிறது. குறைந்த விலைக்குக் கிடைக்கும் சமூக வலைத்தளப் பேக்கேஜ்கள் குறிப்பிட்ட சில ஆப்களுக்கு மட்டும்தான் வழி விடும். சாதாரண டேட்டா முடிந்துபோயிருக்கும், ஆனால் வாட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். நாமோ இன்டர்நெட் இருக்கிறது என்றே நினைப்போம்.

சோதனை எளிது. பிரவுசரைத் திறந்து, நீங்கள் வழக்கமாகப் போகாத ஒரு தளத்துக்குப் போங்கள். செய்தித் தளம் ஏதாவது போதும். திறக்கவில்லையா? ரீலோட் போட வேண்டிய நேரம், அவ்வளவுதான். வீட்டு இணைப்பிலும் இதுபோல ஒன்று உண்டு. பகல் டேட்டா தீர்ந்து இரவு டேட்டா மட்டும் மிஞ்சியிருந்தால் நள்ளிரவு தாண்டும்வரை கேம் இழுத்துக்கொண்டே நிற்கும். பன்னிரண்டரைக்கு ஓடத் தொடங்கியதும் "நான் ஃபோனை ஓஃப் பண்ணி ஓன் பண்ணினேன், சரிவந்துவிட்டது" என்பார்கள். சரிவரச் செய்தது கடிகாரம்.

டேட்டா இருந்தும் பிடிக்கவில்லை என்றால் ஃபோனின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். கேம் சேர்வரோடு கதைக்கும்போது அடையாளச் சான்றிதழ் ஒன்றைச் சரிபார்க்கும். அந்தச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பற்றரி முழுவதும் வற்றிப்போய்த் தேதி பழைய வருடத்துக்குப் போன ஃபோனில் அந்தச் சான்றிதழ் "இன்னும் பிறக்கவில்லை" என்று தெரியும், இணைப்பு மறுக்கப்படும். நேரத்தைத் தானியங்கியில் விட்டால் தீர்ந்தது. இன்னொரு காரணம், வேறு எதற்காகவோ போட்டு மறந்துபோன விபிஎன், அதாவது இணைப்பை வேறு வழியாகத் திருப்பிவிடும் ஆப். அதை நிறுத்திப் பாருங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் வரவில்லை என்றால் அரை மணி நேரம் பொறுங்கள். சேர்வர் பராமரிப்பு பெரும்பாலும் அவர்கள் ஊர் நேரத்துக்குத்தான் நடக்கும். அவர்களுக்கு ஆள் குறைந்த அதிகாலை நமக்குப் பகலாக இருக்கலாம்.

சண்டை நடுவில் அறுந்துபோகிறது, அல்லது வாள் வீசி ஒரு கணம் கழித்துத்தான் படுகிறது

இரண்டும் வேறு வேறு கோளாறுகள்.

அறுந்துபோவது பெரும்பாலும் வாசலைத் தாண்டும்போது நடக்கும். வீட்டு வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும் கணத்தில் ஃபோனின் இணைய முகவரி மாறுகிறது. பழைய முகவரியில் திறந்திருந்த தொடர்பு அங்கேயே செத்துவிடும். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் படியிறங்கிக்கொண்டே பொஸ் சண்டை தொடங்கினால் இரண்டாம் மாடியில் தோற்பது உறுதி. கீழே இறங்கி, வைஃபையை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். கரையோர ரயிலில் ஆடுகிறவர்களுக்கும் இதே கதைதான். தெஹிவளையிலிருந்து கோட்டை வரை கோபுரம் மாறிக்கொண்டே போகும், ரயிலுக்குள் ஆயிரம் பேர் அதே கோபுரத்தைப் பிடித்திருப்பார்கள். முறைவைத்து அடிக்கும் சண்டை என்றால் பல கேம்கள் விட்ட இடத்திலிருந்து தொடர விடும். நேரடிச் சண்டையை ரயிலில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தாமதம் வேறு விஷயம். அதில் ஒரு பங்கு பூமியின் அளவு. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீற்றர் போகும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். போய்வர 27 மில்லி வினாடி, அதற்குக் குறைய யாராலும் முடியாது. லண்டன் 8,700 என்று வைத்தால் 87. அமெரிக்க மேற்குக் கரைக்கு 150. கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் ரவுட்டர்கள் வேறு, ஆகவே நடைமுறையில் இதைவிடக் கூடத்தான் வரும். கேமில் சேர்வரைத் தெரிவு செய்ய விட்டால் ஆசியா அல்லது சிங்கப்பூரை எடுங்கள். தானாகவே வட அமெரிக்காவில் போட்டுவிட்டதைப் பார்க்காமல் மாதக்கணக்கில் "லைன் சரியில்லை" என்று திட்டியவன் நான். ஒன்று மட்டும் கவனம்: பல கேம்களில் சேர்வர் மாறினால் வீரன் கூட வரமாட்டான், அங்கே புதிதாகத் தொடங்க வேண்டும்.

எல்லாக் கேமுக்கும் தாமதம் ஒரே மாதிரி வலிக்காது. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பின் சேர்வர் 0.6 வினாடிக்கு ஒரு தடவைதான் உலகத்தை நகர்த்தும். அதற்குள் 200 மில்லி வினாடித் தாமதம் பெரும்பாலும் அடங்கிவிடும். அங்கே வீரன் தடுமாறினால் தூரத்தைக் குறை சொல்லாமல் உங்கள் வைஃபையைப் பாருங்கள்.

வைஃபை என்றதும் தொடர்மாடிக்காரருக்கு ஒரு வார்த்தை. வைஃபையின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. எங்கள் மாடியில் ஃபோனைத் திறந்தால் பதினெட்டு ரவுட்டர் பெயர்கள் தெரியும். மூன்று ஒழுங்கையில் பதினெட்டு பஸ் ஓடினால் எப்படி இருக்கும்? ரவுட்டரில் 5 கிகாஹேர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறுங்கள். அது சுவரைத் துளைப்பதில் கொஞ்சம் சோம்பேறி, அதனால் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து ஆட வேண்டியிருக்கும்.

தினசரிப் பரிசு தவறிப்போகிறது

"நேற்று இரவு பதினொன்றரைக்கு எடுத்தேன், இன்று காலை ஐந்துக்குப் பார்த்தால் புதுப் பரிசு இல்லை." இருக்காது. பல கேம்களின் நாள் யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவில் புரளும். நமக்கு அது காலை 5.30. கேமின் கடிகாரம் அமெரிக்கப் பசிபிக் நேரம் என்றால் நாள் புரள்வது அவர்களின் குளிர்காலத்தில் பிற்பகல் 1.30, கோடையில் 12.30. மார்ச்சிலும் நவம்பரிலும் ஒரு மணி நேரம் திடீரென்று தாவுவது அதனால்தான். தொடர்ச்சியாக முப்பது நாள் எடுத்தவர்கள் அந்த வாரத்தில் தவறவிட்டுப் புலம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

பழைய ஃபோன் வைத்திருப்பவர்கள் நேர வலயத்தையும் ஒருமுறை பாருங்கள். இலங்கை 1996இல் கடிகாரத்தை முன்னே தள்ளி, அப்புறம் அதில் பாதியைத் திரும்ப எடுத்து, 2006 ஏப்ரலில்தான் மறுபடி 5.30க்கு வந்தது. கையால் தெரிவு செய்யும் பட்டியலில் கொழும்பு என்று இருப்பதை எடுங்கள். அரை மணி நேரம் பிசகாது.

நேரத்தை முன்னே தள்ளி இரண்டு பரிசு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இணையத்தோடு ஆடும் கேமில் நேரத்தைச் சேர்வர்தான் சொல்லும். மிஞ்சுவது மேலே சொன்ன சான்றிதழ்க் கோளாறு மட்டும்தான்.

வீரன் கடலுக்குள் நடக்கிறான்

இது வரைபடத்தில் ஆடும் ஜிபிஎஸ் வகைக்கு. மரைன் டிரைவில் நடந்து போகும்போது என் வீரன் தண்டவாளத்தைத் தாண்டி அலைக்குள் இறங்கி நின்றான். முதல் நாள் சிரிப்பாக இருந்தது. மூன்றாம் நாளும் கடலுக்குள் இருந்த பூதத்தோடே சண்டை பிடிக்க வேண்டி வந்ததும்தான் காரணம் தேடினேன்.

முதலில் அனுமதி. ஆண்ட்ராய்டு 12இலிருந்தும் ஐஓஎஸ் 14இலிருந்தும் இருப்பிட அனுமதி கேட்கும்போது துல்லியமாகவா, தோராயமாகவா என்று ஒரு தெரிவு வரும். அவசரத்தில் தோராயத்தைத் தட்டியிருந்தால் ஃபோன் உங்களை ஒரு பெரிய வட்டத்துக்குள் எங்காவது வைக்கும். வெள்ளவத்தையில் அந்த வட்டத்தின் பாதி கடல். ஆப் அனுமதிக்குள் போய்த் துல்லிய இருப்பிடத்தைத் திறந்துவிடுங்கள். என் கோளாறு அதுதான்.

அனுமதி சரியாக இருந்தும் தாவுகிறது என்றால் கட்டடங்களைப் பாருங்கள். ஜிபிஎஸ் செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சமிக்ஞை மிக மெல்லியது. திறந்த வானத்தின் கீழ் ஃபோன் ஏறத்தாழ ஐந்து மீற்றர் பிசகுக்குள் சொல்லிவிடும். காலிமுகத்திடலில் நின்று பாருங்கள், வீரன் அசையாமல் நிற்பான். அங்கிருந்து புறக்கோட்டைக்குப் போய் முதலாம் குறுக்குத் தெருவுக்குள் நுழைந்தால், இரு பக்கமும் கடை, மேலே தகரமும் தறப்பாளும். சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறித்து வரும். தெறித்த பாதை நீளம் என்பதால் ஃபோன் தூரத்தைத் தப்பாகக் கணக்கிடும், வீரன் இரண்டாம் குறுக்குத் தெருவில் போய் நிற்பான். இதற்கு மருந்து ஃபோனில் இல்லை. வைஃபையைத் திறந்து வைத்திருந்தால் சுற்றியுள்ள ரவுட்டர்களை வைத்துக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும். அதற்கு இணைப்பு எடுக்கத் தேவையில்லை, வைஃபை திறந்திருந்தால் போதும்.

திறந்தவுடன் இருப்பிடம் பிடிக்க நிமிடக்கணக்கில் எடுக்கிறதா? டேட்டா இருக்கிறதா என்று பாருங்கள். செய்மதிகள் எங்கே நிற்கின்றன என்ற விபரத்தை ஃபோன் டேட்டா வழியாக ஒரு நொடியில் எடுத்துக்கொள்ளும். டேட்டா இல்லை என்றால் அதைச் செய்மதியிடமிருந்தே சொட்டுச் சொட்டாக வாங்க வேண்டும்.

பஸ்ஸில் போகும்போது எதுவும் எடுக்க முடியவில்லை என்றால் அது கோளாறில்லை. வாகன வேகத்தில் போவதாகத் தெரிந்தால் பல கேம்கள் பூட்டிவிடும். நூறாம் இலக்கப் பஸ் பம்பலப்பிட்டிச் சந்தியில் நிற்கும்போது திறக்கும், கிளம்பியதும் பூட்டும். பொய் இருப்பிடம் காட்டும் ஆப்களைப் போடாதீர்கள். ஃபோனின் டெவலப்பர் பகுதியில் அதற்கு அனுமதி கொடுத்திருப்பதைக் கேமால் பார்க்க முடியும். தடை வரலாம்.

அப்புறம், கேம் எங்கே போகச் சொன்னாலும் கோட்டையில் காவல் நிற்கும் கட்டடங்களுக்கு முன்னால் ஃபோனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அங்கே நிற்பவருக்குப் பூதம் தெரியாது, நீங்கள்தான் தெரிவீர்கள்.

ஃபோன் கொதிக்கிறது, பற்றரி கரைகிறது

"சின்னச் சின்னப் பெட்டிப் படம்தானே, இதுக்கு ஏன் இப்படிச் சூடாகுது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1983இல் வந்த ஃபமிகொம் 2 கிலோபைட் வேலை நினைவகத்தை வைத்துக்கொண்டு இதேபோன்ற படங்களைக் காட்டியது. ஆனால் உங்கள் ஃபோனில் ஓடுவது அந்தக் காலத்துப் படத்தைக் காட்டும் இந்தக் காலத்து எஞ்ஜின், அதாவது கேமை ஓட்டும் மென்பொருள். வினாடிக்கு 60 தடவை முழுத் திரையையும் திரும்ப வரைகிறது. பின்னால் சேர்வரோடு தொடர்பு, விளம்பரம் இறக்கும் பகுதி, சிலவற்றில் ஜிபிஎஸ். படம்தான் பழசு, உள்ளே எல்லாம் புதுசு.

கேமின் செட்டிங்ஸில் வினாடிக்கு 30 என்று வையுங்கள். பெட்டிப் படத்தில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஃபோன் 90 அல்லது 120 ஹேர்ட்ஸ் திரை என்றால் அதை 60க்கு இறக்குங்கள். சார்ஜ் போட்டுக்கொண்டு ஆடாதீர்கள், இரண்டு சூடும் சேரும். தடித்த கவரைக் கழற்றுங்கள். ஃபோன் ஒரு அளவுக்கு மேல் சூடானால் தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைக்கும். மத்தியான வெயிலில் காலிமுகத்திடலில் கேம் தடுமாறுவது அதனால்தான். அதற்கும் டேட்டாவுக்கும் சம்பந்தம் இல்லை.

பற்றரியைச் சேமிக்கப் போய் வரும் கோளாறும் உண்டு. திரையை அணைத்து ஐந்து நிமிடத்தில் வந்தால் கேம் முதலிலிருந்து தொடங்குகிறது. ஆண்ட்ராய்டு 6இலிருந்து சும்மா கிடக்கும் ஆப்களை ஃபோன் தூங்கவைக்கும். சில தயாரிப்பாளர்கள் அதற்கு மேலும் தங்கள் பங்குக்குக் கொன்றுவிடுவார்கள். ஆப் விபரத்தில் பற்றரி என்ற இடத்துக்குப் போய் இந்தக் கேமுக்கு மட்டும் கட்டுப்பாடில்லை என்று வையுங்கள்.

திறந்த உடனே மூடிக்கொள்கிறது

ஸ்டோரேஜ் பாருங்கள். பிளே ஸ்டோரில் காட்டும் அளவு முதல் தவணைதான். உள்ளே போனதும் படங்களும் ஒலியும் தனியாக இறங்கும். 99 வீதத்தில் நிற்கிறது என்றால் பெரும்பாலும் இடம் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த காலை வணக்க வீடியோக்களை அழித்தால் இரண்டு கிகாபைட் கிடைக்கும், அனுபவம்.

இடம் இருந்தும் மூடுகிறதா? பிளே ஸ்டோரில் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ என்று தேடி அதையும் குரோமையும் புதுப்பியுங்கள். பல ஆப்கள் உள்ளே பக்கங்களைக் காட்ட அதைத்தான் நம்பியிருக்கின்றன. 2021 மார்ச்சில் அதன் புதுப்பிப்பு ஒன்று பிழையாகிப்போய், சம்பந்தமே இல்லாத ஆப்கள் உலகம் முழுக்கப் பொத்துப் பொத்தென்று விழுந்தன. அன்றைக்கும் பலர் கேமை அழித்துத் திரும்பப் போட்டிருப்பார்கள்.

பிளே ஸ்டோரே "உங்கள் கருவிக்குப் பொருந்தாது" என்றால் மன்றாடிப் பயனில்லை. ஐஓஎஸ் 11 வந்த 2017இலேயே ஆப்பிள் பழைய வகையான 32 பிற் ஆப்களைக் கைவிட்டுவிட்டது. கூகுளும் 2019இலிருந்து 64 பிற்றைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகு புதுப்பிக்கப்படாத பழைய கேம்கள் பல புது ஃபோன்களில் வராது. வெளியே எங்காவது கிடைக்கும் ஏபிகேயை (ஆப்பின் நிறுவல் கோப்பை) இறக்கினால் கேமோடு வேறு என்ன வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. "எல்லாம் அன்லிமிட்டட்" என்று யாரோ மாற்றியமைத்து விடும் மொட் கோப்புகளும் அப்படித்தான்.

படம் மங்கலாக, கோணலாகத் தெரிகிறது

கணக்குப் பிரச்சினை. பழைய அளவான 256க்கு 240 படத்தை 1080 புள்ளி உயரத் திரையில் விரித்தால் ஒரு புள்ளிக்கு நாலரைப் புள்ளி வரும். அரைப் புள்ளி என்று ஒன்று இல்லை. ஆகவே ஒரு வரி நாலு, அடுத்த வரி ஐந்து என்று வரைய வேண்டும், அல்லது ஓரங்களைக் குழைக்க வேண்டும். வீரன் நடக்கும்போது முகம் நெளிவது அதனால்தான். செட்டிங்ஸில் பிக்சல் பெர்ஃபெக்ட் அல்லது முழு எண் அளவு என்று ஏதாவது இருந்தால் போடுங்கள். சுற்றிலும் கறுப்பு விளிம்பு வரும். எனக்கு அது பிடிக்கும்.

அரட்டையில் தமிழ் உடைந்து வருகிறது

"கொழும்பில யாரும் இருக்கிறீங்களா?" என்று கூட்டு அரட்டையில் எழுதினேன். எனக்கே அது ஒரு வரிசைப் பெட்டிகளாகத் திரும்பி வந்தது. இன்னொரு கேமில் பெட்டி இல்லை, எழுத்து வந்தது, ஆனால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் ஒட்டிக்கொண்டு, படிக்கவே முடியாத ஒன்றாக.

இவை இரண்டு வேறு கோளாறுகள். பெட்டி வந்தால் அந்தக் கேமின் எழுத்துருவில் தமிழே இல்லை. கையால் புள்ளி புள்ளியாக வரைந்த பிக்சல் எழுத்துருவில் ஆங்கிலமும் கொஞ்சம் ஜப்பானியமும் இருக்கும், அதோடு சரி. எழுத்து வந்து வரிசை குழம்பினால் எழுத்துரு இருக்கிறது, ஆனால் அதை அடுக்கும் அறிவு எஞ்ஜினுக்கு இல்லை. நாம் "கொ" என்று தட்டும்போது ஃபோன் சேமிப்பது ககரத்தையும் அதற்குப் பிறகு ஓர் உயிர்க் குறியையும்தான். அந்தக் குறியைப் பிரித்துக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது வரையும் வேளையில் நடக்க வேண்டிய வேலை. ஃபோனின் சொந்தத் திரைகளில் அது நடக்கும். தானே எழுத்தை வரையும் பல கேம் எஞ்ஜின்களில் நடக்காது.

உங்கள் பக்கத்தில் செய்ய எதுவும் இல்லை. கீபோர்டை மாற்றினாலும் எழுத்துரு ஆப் போட்டாலும் மாறாது. நாங்கள் ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறோம். ஆனால் நிறுவனத்துக்கு எழுதுங்கள். பெட்டியா வரிசைக் குழப்பமா என்று பிரித்து, படத்தோடு எழுதினால் வாங்கிப் படிக்கிற ஆளுக்கு எங்கே கைவைப்பது என்று தெரியும்.

காசு போய்விட்டது, வைரம் வரவில்லை

முதல் விதி: இரண்டாம் தடவை வாங்காதீர்கள். கேமை மூடித் திறந்து, கடைப் பக்கத்தில் ரீஸ்டோர் என்று இருந்தால் தட்டுங்கள். பத்து நிமிடம் பொறுங்கள். உங்கள் மின்னஞ்சலுக்கு கூகுளிடமிருந்து பற்றுச்சீட்டு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வங்கி எஸ்எம்எஸ் மட்டும் வந்து பற்றுச்சீட்டு வரவில்லை என்றால், பெரும்பாலும் வங்கி அந்தத் தொகையைப் பிடித்து வைத்திருக்கிறது, கொள்முதல் முடியவில்லை என்று அர்த்தம். அது தானாகத் திரும்ப விடுபடும், நாளெடுக்கும்.

பற்றுச்சீட்டு வந்திருந்தால் அதில் ஜிபிஏ என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் நீண்ட இலக்கம் இருக்கும். அதையும் பிளேயர் ஐடியையும் கேமின் உதவிப் பகுதிக்கு அனுப்புங்கள். கேம் தரப்பு மூன்று நாளுக்குள் அந்தக் கொள்முதலை ஏற்றதாகக் கூகுளுக்குச் சொல்லாவிட்டால் காசு தானாகத் திரும்பிவிடும். பிள்ளை தெரியாமல் வாங்கிவிட்டது போன்ற விஷயங்களுக்கு 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே கேட்கலாம். ஐபோன் என்றால் ஆப்பிளின் முறைப்பாட்டுப் பக்கம்.

காசு போகவே மாட்டேன் என்கிறது என்றால் பெரும்பாலும் அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு பூட்டியிருக்கும். வங்கி ஆப்பில் அல்லது அழைத்துச் சொல்லித் திறக்க வேண்டும். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி பழைய சிம்முக்குப் போகிறதா என்றும் பாருங்கள். நான் ஒருநாள் முன்னூற்றுச் சொச்சம் ரூபாய்ப் பெட்டி ஒன்றுக்காக ஐந்து தடவை முயன்று, அட்டையே பூட்டுப்பட்டு, அடுத்த நாள் வங்கி வரிசையில் நின்றேன். "என்ன வாங்கப் போனீங்க?" என்று கேட்ட பிள்ளையிடம் வாள் என்று சொல்லவில்லை.

விளம்பரம் பார்த்தும் பரிசு வராவிட்டால் விளம்பரத்தைத் தடுக்கும் பிரைவேட் டிஎன்எஸ் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 9இலிருந்து நெட்வொர்க் செட்டிங்ஸில் அது இருக்கிறது. விளம்பரம் பார்த்து முடித்த செய்தியையும் அது சேர்த்தே தடுத்துவிடும்.

எதுவும் சரிவரவில்லை, எழுதத்தான் வேண்டும்

"கேம் வேலை செய்யவில்லை, உடனே திருத்தவும்" என்று எழுதினால் பொதுப் பதில்தான் வரும். பிளேயர் ஐடி, ஃபோன் மொடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, கேம் பதிப்பு, வைஃபையா டேட்டாவா, நடந்த நேரம். நேரத்தை யூடிசியில் எழுதுங்கள், நம் நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்தால் போதும். என்ன செய்தீர்கள், என்ன வந்தது, என்ன வரவேண்டும் என்று மூன்று வரி. ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை, இலக்கங்கள் சரியாக இருக்க வேண்டும்.

மூன்றாம் மாடித் தம்பிக்கும் இப்படித்தான் எழுதினோம். பிளேயர் ஐடி இல்லாமல் முதலில் கையைப் பிசைந்தோம். அப்புறம்தான் அவனுக்கு நினைவு வந்தது: 40ஆம் லெவல் தாண்டிய அன்று கொட்டாஞ்சேனையில் இருக்கும் வகுப்புத் தோழனுக்குப் பெருமையடிக்க ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருந்தான். அதன் மூலையில், கண்ணைச் சுருக்கினால் படிக்கக்கூடிய அளவில், பத்து இலக்கம். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. கணக்கைத் தொடங்கிய மாதம் எது, எந்த ஃபோன், கையில் இருந்த கடைசி மந்திரக்கோல் எது என்று கேட்டார்கள். மாதமும் ஃபோனும் யோசித்துச் சொன்னான். கோலின் பெயரை, அதில் பதித்திருந்த மூன்று கற்களோடு, யோசிக்காமல் சொன்னான்.